இரண்டு பிளஸ் என்றால் என்ன? நுண்ணோக்கியைப் பற்றிச் சில செய்திகள்

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். நம் ஊர்ச் சகோதரர் ஒருவர் என்னைத் தனியே ஓரமாக அழைத்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். சளிப் பரிசோதனை முடிவு. அதில் 'ஏ.எஃப்.பி. 2+' என்று எழுதியிருந்தது. "மாமு, இது பரீட்சை மார்க் மாதிரியா? பிளஸ் என்றால் நல்லதுதானே?" என்று கேட்டார்.

நல்லதில்லை என்று சொன்னேன். அவருடைய முகம் மாறியது. காசநோய்தான் என்று அவருக்கும் உள்ளூர ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. ஆறு வாரமாக இருமல். மருந்துக் கடையில் வாங்கிய சிரப் மூன்று பாட்டில் காலியாகிவிட்டது. கைலி இடுப்பில் நிற்கவில்லை. "வீட்டில் இன்னும் சொல்லவில்லை மாமு. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம். வயல் மோட்டார் கொட்டகையில் போய் ஆறு மாசம் தனியாக இருந்துவிடலாம் என்று பார்க்கிறேன்" என்றார்.

அரசு ஆய்வகங்களில் லேப் டெக்னீசியனாக வேலை பார்த்து 2015இல் ஓய்வு பெற்றவன் நான். என் கண் தேய்ந்ததே மைக்ரோஸ்கோப்பில்தான் என்று வீட்டில் கேலி பேசுவார்கள். அந்தச் சகோதரரை உட்கார வைத்து, அந்த 2+ எங்கிருந்து வந்தது, அதை எந்தக் கருவி சொன்னது, ஏன் மோட்டார் கொட்டகைக்குப் போக வேண்டியதில்லை என்று அரை மணி நேரம் விளக்கினேன். அதைக் கேட்ட நம் அறக்கட்டளை நண்பர்கள், "இதையே எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். பெயர் போடாமல் எழுதுவதற்கு அந்தச் சகோதரரும் சம்மதித்தார்.

முதலில் அளவைப் புரிந்துகொள்வோம். நம் கண்ணால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்க முடியும். அதற்குக் கீழே போனால் இரண்டு புள்ளிகள் ஒரே புள்ளியாகத்தான் தெரியும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு மைக்ரான். நம் ரத்தத்தின் சிவப்பணு ஏழெட்டு மைக்ரான் அகலம். காசநோய்க் கிருமி இரண்டிலிருந்து நான்கு மைக்ரான் நீளம். அகலம் அரை மைக்ரான்கூட இருக்காது. ஒரு சீரகச் சம்பா அரிசியின் நீளத்துக்கு அந்தக் கிருமிகளை வரிசையாக அடுக்கினால் ஆயிரத்துக்கு மேல் தேவைப்படும். ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டினால் மூன்று மைக்ரான் கிருமி மூன்று மில்லிமீட்டர் நூல் துண்டு போலத் தெரியும். அதைத்தான் லேபில் பார்க்கிறோம்.

இனி கருவிக்கு வருவோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படம் வரைந்து பாகம் குறிப்பதற்கு மனப்பாடம் செய்கிறார்கள். வேலை செய்கிற வரிசையில் சொன்னால் மனப்பாடமே வேண்டாம்.

ஒளி கீழேயிருந்து கிளம்புகிறது. பழைய கருவிகளில் ஒரு பக்கம் தட்டையும் மறுபக்கம் குழிவுமான கண்ணாடி இருக்கும்; அதை ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தைப் பிடிப்போம். மேகம் மூடினால் வேலை நின்றுவிடும். இப்போது எல்.ஈ.டி. விளக்கு வந்துவிட்டது. அந்த ஒளியைக் குவித்து மேலே அனுப்புவது குவிப்பான். அதன் கீழே கண்ணின் பாவை போல விரிந்து சுருங்கும் ஒரு திரை இருக்கும். அதைக் கொஞ்சம் மூடினால் பிம்பம் அழுத்தமாகத் தெரியும், அதிகம் மூடினால் நுட்பம் போய்விடும். புதிதாகப் பழகுபவர்கள் கவனிக்காமல் விடுவது இந்தத் திரையைத்தான். அதற்கு மேல் நடுவில் துளையிட்ட மேடை. அதில்தான் ஸ்லைடு என்கிற கண்ணாடித் தகட்டை வைத்துக் கவ்வியால் பிடிக்க வேண்டும்.

மேடைக்கு மேலே சுழலும் ஒரு வட்டில் மூன்று அல்லது நான்கு பொருளருகு லென்ஸ்கள் தொங்கும். 4, 10, 40, 100 என்று அவற்றின் மேல் எழுதியிருக்கும். எழுத்துத் தேய்ந்து போனாலும் வண்ண வளையத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம்: நான்குக்குச் சிவப்பு, பத்துக்கு மஞ்சள், நாற்பதுக்கு நீலம், நூறுக்கு வெள்ளை. உச்சியில் நாம் கண் வைக்கும் இடத்தில் கண்ணருகு லென்ஸ். அது பொதுவாகப் பத்து மடங்கு. கீழ் லென்ஸ் நூறு, மேல் லென்ஸ் பத்து, பெருக்கினால் ஆயிரம். கணக்கு அவ்வளவுதான்.

பக்கவாட்டில் இரண்டு திருகுகள். பெரிய திருகைத் திருகினால் மேடை கண்ணுக்குத் தெரிய ஏறி இறங்கும். சின்னத் திருகு மயிரிழை அளவுதான் நகர்த்தும். நான் பயிற்சியில் சேர்ந்த முதல் வாரத்தில், நாற்பது லென்ஸை வைத்துக்கொண்டு பெரிய திருகை ஒரு சுற்றுச் சுற்றினேன். 'டக்' என்று ஒரு சத்தம். ஸ்லைடு இரண்டாகப் போய்விட்டது. லென்ஸ் தப்பியது என் அதிர்ஷ்டம். சின்ன லென்ஸில் தொடங்கு, பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டே நெருக்கு, பெரிய லென்ஸுக்குப் போனபின் பெரிய திருகைத் தொடாதே என்று பிறகு வந்தவர்களுக்கெல்லாம் பாடம் சொன்னவனும் நான்தான்.

நூறு லென்ஸுக்கு ஒரு தனிச் சங்கதி உண்டு. ஸ்லைடின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, லென்ஸின் நுனி அந்த எண்ணெயில் முங்குமாறு வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஏன்? கொள்ளிடத்தில் தண்ணீர் ஓடும்போது ஒரு கழியைச் சாய்த்து நட்டால், தண்ணீர் மட்டத்தில் ஒடிந்தது போலத் தெரியும் அல்லவா? ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குப் போகும்போது வளைவதால் அப்படித் தெரிகிறது. கண்ணாடித் தகட்டிலிருந்து காற்றுக்கு வரும் ஒளியும் அப்படியே வளைந்து, ஊசிமுனை போன்ற அந்தச் சின்ன லென்ஸுக்குள் நுழையாமல் விலகிப் போய்விடும். இந்த எண்ணெயோ ஒளியைப் பொறுத்தவரை கண்ணாடியைப் போலவே நடந்துகொள்ளும். அதனால் ஒளி வளையாமல் நேரே லென்ஸுக்குள் போகிறது. முன்பு தேவதாரு மர எண்ணெய் பயன்படுத்தினோம். வேலை முடிந்ததும் துடைக்காமல் விட்டால் கோந்து போல இறுகிவிடும்.

இந்த ஒளி வளைவைப் பற்றிப் பேசும்போது இப்னுல் ஹைத்தமைச் சொல்லாமல் இருக்க முடியாது. கி.பி. 965இல் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர். 1011க்கும் 1021க்கும் இடையில் அவர் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' ஏழு பாகம் கொண்டது. கண்ணிலிருந்து ஏதோ கதிர் கிளம்பிப் பொருளைத் தொடுவதால் பார்க்கிறோம் என்று அதுவரை பல அறிஞர்கள் எண்ணியிருந்தார்கள். இல்லை, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் பார்க்கிறோம் என்று இருட்டறையில் சோதனை செய்து காட்டியவர் இவர். வளைந்த கண்ணாடி வழியே பார்த்தால் பொருள் பெரிதாகத் தெரிவதையும் ஆராய்ந்தார். அந்த நூல் லத்தீனுக்குப் போய் ஐரோப்பிய அறிஞர்கள் கையில் பல நூறு ஆண்டுகள் புழங்கியது. அதே சமயம் வாட்ஸ்அப்பில் வலம் வருவது போல "மைக்ரோஸ்கோப்பைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைத்தம்" என்று சொல்வது தவறு. அவர் அந்தக் கருவியைச் செய்யவில்லை. அவர் செய்த வேலையே போதுமான அளவு பெரியது. இல்லாததைக் கூட்டிச் சொல்லி அதைச் சிறுமைப்படுத்த வேண்டாம்.

கருவியாக அது உருவானது ஐரோப்பாவில், மூக்குக் கண்ணாடி செய்பவர்கள் கையில். 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹாலந்து நாட்டில் இரண்டு லென்ஸை ஒரு குழாயில் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். யார் முதலில் செய்தது என்பதில் இன்றுவரை வழக்கு தீரவில்லை. 1665இல் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் என்பவர் தக்கையின் மெல்லிய சீவலைப் பார்த்து, அதிலிருந்த சின்னச் சின்ன அறைகளுக்கு 'செல்' என்று பெயர் வைத்தார். நம் பிள்ளைகள் உயிரியல் பாடத்தில் படிக்கும் செல் என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஆண்டனி வான் லீவன்ஹூக். டெல்ஃப்ட் நகரத்து ஜவுளி வியாபாரி. துணியின் இழையை எண்ணிப் பார்க்க அக்காலத்து ஜவுளிக்காரர்கள் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள். இவர் அதோடு நிற்காமல் தாமே சின்னஞ்சிறு லென்ஸ்களைத் தேய்த்துச் செய்யத் தொடங்கினார். ஒரே ஒரு லென்ஸ், இரண்டு உலோகத் தகட்டுக்கு நடுவில். மொத்தக் கருவியும் உள்ளங்கையில் அடங்கிவிடும். இன்று மிஞ்சியிருக்கும் அவருடைய கருவிகளில் ஒன்று ஏறத்தாழ 270 மடங்கு பெரிதாக்குகிறது. குளத்துத் தண்ணீரையும் தம் பல்லில் படிந்த அழுக்கையும் பார்த்து, அதில் உயிருள்ள ஜீவன்கள் நீந்துவதாக லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். 1676இல் எழுதிய கடிதத்தை முதலில் நம்ப மறுத்தார்கள். பிறகு ஹூக்கே சோதித்துப் பார்த்து உண்மை என்று சொன்னார். பல்கலைக்கழகத்தில் படிக்காதவர், லத்தீன் தெரியாதவர். ஜவுளிக் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் இவரைத் தங்கள் ஆள் என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டு லென்ஸ் வைத்த குழாய்க் கருவி அவருடைய ஒற்றை லென்ஸை முந்துவதற்கு நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. பொருளைச் சுற்றி வானவில் போல நிறம் படர்ந்து படம் கலங்கியதே காரணம். 1830இல் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் அந்தக் கோளாறைக் குறைக்க வழி கண்டார். இவரும் ஒரு வியாபாரிதான். 1846இல் ஜெர்மனியின் ஜெனா நகரத்தில் கார்ல் ஸைஸ் பட்டறை திறந்தார். அவரிடம் சேர்ந்த எர்ன்ஸ்ட் அபே என்ற பேராசிரியர், 1873இல் ஒளியைக் கொண்டு எந்த அளவு வரைதான் பார்க்க முடியும் என்று கணக்குப் போட்டே சொல்லிவிட்டார். சுமார் 0.2 மைக்ரான். அதற்குக் கீழே லென்ஸை எவ்வளவு நேர்த்தியாகத் தேய்த்தாலும் பயனில்லை.

நல்ல வேளையாகக் காசநோய்க் கிருமி அந்த எல்லைக்கு இப்பக்கம் இருந்தது. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் அந்தக் கிருமியைக் கண்டதாக அறிவித்தார். ஆண்டுதோறும் மார்ச் 24 காசநோய் தினமாக இருப்பது அதனால்தான்.

அந்தக் கிருமி லேசில் கண்ணில் படாது. அதன் மேல் மெழுகு போன்ற ஓர் உறை இருப்பதால் சாயம் ஏறாது. அதற்கு நாங்கள் செய்யும் வேலை இது: சளியை ஸ்லைடில் மெல்லியதாகத் தடவி உலர்த்தி, கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, அடியில் சுடர் காட்டி ஆவி பறக்கச் சூடாக்குவோம். சூட்டில் சாயம் உறைக்குள் நுழைந்துவிடும். கழுவிவிட்டு அதன் மேல் அமிலம் ஊற்றுவோம். மற்ற எல்லாவற்றிலிருந்தும் சிவப்பு கரைந்து போய்விடும். காசநோய்க் கிருமி மட்டும் பிடித்த சாயத்தை விடாது. பிறகு நீலச் சாயம். இப்போது எண்ணெய் லென்ஸில் பார்த்தால் நீல வானத்தில் சிவப்பு நூல் துண்டுகள். அமிலத்துக்கும் அசையாத குச்சிக் கிருமி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் ஏ.எஃப்.பி. இந்தச் சாய முறைக்கு ஸீல், நீல்சன் என்ற இரண்டு ஜெர்மானியர்களின் பெயர். கிட்டத்தட்ட 140 ஆண்டுகள் ஆகியும் வழக்கில் இருக்கிறது.

இனி பிளஸ் கணக்கு. லென்ஸில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டத்தை ஒரு புலம் என்போம். அப்படி நூறு புலம் நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். நூறிலும் சேர்த்து ஒன்பது கிருமி வரை இருந்தால் எண்ணிக்கையையே எழுதுவோம். பத்திலிருந்து தொண்ணூற்றொன்பது வரை என்றால் 1+. புலத்துக்கு ஒன்றிலிருந்து பத்து என்றால் 2+. பத்துக்கு மேல் மொய்த்தால் 3+. பிளஸ் கூடக்கூட இருமும்போது காற்றில் கலக்கும் கிருமியும் கூடுதல் என்று பொருள். ஆகவே, நம் சகோதரரின் 2+ மார்க் அல்ல. சீக்கிரம் மருந்தைத் தொடங்கு என்ற அழைப்பு.

இந்தப் பரிசோதனைக்குக் குறையும் உண்டு. ஒரு மில்லி சளியில் ஐயாயிரம், பத்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் சிக்கும். உயிருள்ளதா செத்ததா என்று தெரியாது. எந்த மருந்துக்கு அடங்கும் என்றும் தெரியாது. அதற்காகத்தான் இப்போது கிருமியின் மரபணுவைத் தேடும் சி.பி.நாட், கோவாவில் தயாராகும் ட்ரூநாட் போன்ற இயந்திரங்கள் வந்திருக்கின்றன. முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். ஆனால் மருந்து வேலை செய்கிறதா என்று இடையிடையே பார்க்க இன்றும் மைக்ரோஸ்கோப்தான். இயந்திரம் செத்த கிருமியின் மரபணுவையும் கண்டு 'இருக்கிறது' என்று சொல்லிவிடக் கூடும்.

மைக்ரோஸ்கோப் நம் நாட்டில் செய்த வேலைகளில் உலகம் மறக்காத ஒன்று மலேரியா. 1897 ஆகஸ்ட் 20, செகந்திராபாத். ராணுவ மருத்துவர் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றை அறுத்து அறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆகஸ்ட் புழுக்கம். விசிறி போட்டால் அறுத்த கொசு பறந்துவிடும். நெற்றி வியர்வை பட்டுக் கருவியின் திருகுகள் துருப்பிடித்துவிட்டன. கண்ணருகு லென்ஸில் விரிசல். அந்த நிலையில்தான் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902இல் நோபல் பரிசு. பாடப்புத்தகம் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். அந்தக் கொசுக்கள் யாரைக் கடித்த கொசுக்கள்? ஹுசைன் கான் என்ற மலேரியா நோயாளியை. ஒரு கொசுவுக்கு ஓர் அணா கூலி. பத்துக் கொசு கடித்துப் பத்து அணா பெற்றார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளை வைத்து ராஸ் ஆய்வை முடித்தபோது கொசு பிடித்து வளர்த்துக் கொடுத்த உதவியாளர்களில் ஒருவர் முகமது பக்ஸ். பரிசுப் பட்டியலில் இவர்கள் பெயர் இல்லை.

யானைக்கால் நோய்க்கு இரவு ரத்தம் எடுப்பார்கள். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். டெல்டாவில், குறிப்பாகக் கும்பகோணம் பக்கத்தில் அந்த நோய் அதிகம். சுகாதாரத் துறையினர் இரவு பத்து மணிக்கு மேல் டார்ச் விளக்கோடு வந்து கதவைத் தட்டி விரலில் குத்துவார்கள். "பகலில் வந்தால் என்ன, தூக்கத்தைக் கெடுக்கிறார்கள்" என்று எங்கள் நன்னி சத்தம் போடுவார். காரணம் உண்டு. அந்தப் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் ஒதுங்கிக்கொள்ளும். கொசு கடிக்க வரும் இரவு நேரத்தில்தான் தோலுக்கு அருகிலுள்ள ரத்தத்துக்கு வரும். பகலில் குத்தினால் மைக்ரோஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது. நன்னிக்கு இதை விளக்கும் அளவு நான் படிப்பதற்குள் அவர் மவுத்தாகிவிட்டார்.

வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்னது கூட்டு நுண்ணோக்கி. இருபது, முப்பது மடங்கே பெரிதாக்கி, இரண்டு கண்ணாலும் பொருளின் மேடு பள்ளத்தைக் காட்டுவது ஸ்டீரியோ நுண்ணோக்கி. விதை, பூச்சி பார்ப்பதற்கும் செல்போன் பழுது பார்ப்பதற்கும் ஏற்றது. சாயம் ஏற்றாமல் உயிருள்ள செல்லைப் பார்க்க உதவுவது கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கி. அதற்காக டச்சுக்காரர் ஸெர்னிகே 1953இல் நோபல் பெற்றார். ஒளிரும் சாயத்தைக் கொண்டு பார்ப்பது ஃப்ளோரசன்ஸ் வகை. காசநோய் லேப்களில் இப்போது இதுவும் உண்டு. கரும் பின்னணியில் கிருமி மஞ்சளாக மின்னும். குறைந்த பெருக்கத்திலேயே தெரிவதால் ஸ்லைடுக்கு ஆகும் நேரமும் குறைவு, கண்ணுக்கும் சுகம். எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஒளியே இல்லாமல் எலெக்ட்ரான் கற்றையால் பார்ப்பது. 1931இல் ஜெர்மனியில் ரஸ்கா தொடங்கி வைத்தார். அபே சொன்ன எல்லையை அது தாண்டியது. கொரோனா வைரஸின் படத்தை 2020இல் புணே தேசிய வைராலஜி நிறுவனம் எடுத்தது இந்த வகைக் கருவியில்தான்.

பாறை பார்க்கும் நுண்ணோக்கியும் ஒன்று உண்டு. நம் மாவட்டத்துக்குச் சொந்தமான விஷயம் என்பதால் அதைத் தனியாகச் சொல்கிறேன். பாறையைக் காகிதத்தை விட மெல்லியதாகத் தேய்த்து, ஒரு திசையில் மட்டும் அதிரும் ஒளியைச் செலுத்திப் பார்ப்பார்கள். அரியலூரைச் சுற்றிக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. கல்லங்குறிச்சிப் பக்கம் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகள் கொத்துக் கொத்தாக இருப்பதைப் பிள்ளைகள்கூடப் பொறுக்கி வருவார்கள். வாரணவாசி அருங்காட்சியகத்தில் பெரியவற்றை வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆய்வாளர்கள் பாறைக்கு வயது சொல்வதற்கு நம்புவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் கடல் உயிரியின் ஓடுகளை. எந்த ஓடு எந்தக் காலத்தில் இருந்தது என்ற கணக்கு அவர்களிடம் உண்டு. சிமெண்ட் ஆலைக்குப் போகும் லாரியின் புழுதியிலும் அந்த ஓடுகள் பறந்துகொண்டிருக்கும்.

பிள்ளைகளுக்கு வாங்கித் தர நினைப்பவர்கள், ஹரியானாவின் அம்பாலாவில் தயாராகும் மாணவர் மைக்ரோஸ்கோப்பே போதும் என்று அறியவும். இன்னும் எளிதாக வேண்டுமானால் காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்டுஸ்கோப். மீரட்டில் பிறந்த மனு பிரகாஷ், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் தம் மாணவரோடு சேர்ந்து உருவாக்கி 2014இல் வெளியிட்டது. ஒற்றை லென்ஸ், 140 மடங்கு. லீவன்ஹூக்கின் கருவியேதான், பித்தளைக்குப் பதில் காகிதம். எதை வாங்கினாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடி வையுங்கள். தூக்கும்போது ஒரு கை கழுத்தில், ஒரு கை அடியில். லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள்.

இப்போது மோட்டார் கொட்டகைக்கு வருகிறேன்.

என் பெரியத்தாவுக்குக் காசநோய் வந்தது 1964 வாக்கில். எனக்கு ஏழு வயது இருக்கும். கொல்லைப்புற அறையில் அவரை வைத்தார்கள். தனி அலுமினியத் தட்டு, தனிக் குவளை. பெருநாளன்றுகூட அவர் கூடத்துக்கு வரவில்லை. நாங்கள் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் அடி விழும். மருந்து சாப்பிட்டு இருமல் நின்ற பிறகும் தட்டு மாறவில்லை. அந்த அறையிலேயேதான் கடைசி வரை இருந்தார்.

பல ஆண்டுகள் கழித்து வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்கு ஒன்று தெரிய வந்தது. பெரியத்தா கொல்லைப்புறத்துக்குப் போவதற்கு ஐந்து ஆண்டு முன்பே, அதற்கு அவசியமில்லை என்று நம் சென்னையிலேயே நிரூபித்திருக்கிறார்கள். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து அங்கே ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ். அக்காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் ஓர் ஆண்டு படுக்க வேண்டும். அத்தனை பேருக்கு நாட்டில் படுக்கை கிடையாது. சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பேர் சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும். மறு பாதி நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே, வேலையும் பார்த்துக்கொண்டு. இருவருக்கும் ஒரே மாத்திரை, ஓர் ஆண்டு. மைக்ரோஸ்கோப்பும் கிருமி வளர்ப்புச் சோதனையும் நடுவர்கள்.

1959இல் முடிவு வெளியானது. குணமானதில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதைவிட முக்கியம், குடும்பத்தாரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், நோயாளி வீட்டில் இருந்ததால் அவர்களுக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. தொற்றிய இடங்களில் பெரும்பாலும் நோயைக் கண்டுபிடித்து மருந்து தொடங்குவதற்கு முன்பே தொற்றியிருந்தது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம்.

ஆபத்தான காலம், மருந்துக் கடை சிரப்பைக் குடித்துக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் இருமிக்கொண்டிருக்கும் காலம்தான். 1960களின் தொடக்கத்தில் பெங்களூரு தேசிய காசநோய் நிறுவனத்தார் தும்கூர் மாவட்டத்தில் விசாரித்தபோது, நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தாங்களாகவே மருத்துவ நிலையத்துக்கு வந்ததையும், பலர் சளியைச் சோதிக்காமல் இருமல் மருந்தோடு திருப்பி அனுப்பப்பட்டதையும் கண்டார்கள். அறுபது ஆண்டு ஆகிவிட்டது. மூன்று பாட்டில் கதை இன்னும் நடக்கிறது.

அந்தச் சகோதரரிடம் நான் சொன்னதை அப்படியே இங்கே தருகிறேன். தட்டிலோ குவளையிலோ காசநோய் பரவாது, காற்றில்தான் பரவும். மருந்து தொடங்கிய சில வாரங்களில் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை முகக்கவசம், திறந்த ஜன்னல், தனிப் படுக்கை போதும். ஆறு மாத மருந்தை ஒரு நாளும் விடக் கூடாது. வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை செய்ய வேண்டும். நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மருந்து தருவார்கள். அதனால் வீட்டில் மறைக்க வழியே இல்லை, மறைப்பது மகளுக்குத்தான் கேடு. பரிசோதனை, மருந்து எல்லாம் அரசு நிலையங்களில் இலவசம். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது 2024 நவம்பர் முதல் 1000 ரூபாய். வங்கிக் கணக்கில் நேரே வரும், பாஸ்புக்கை எடுத்துச் செல்லுங்கள்.

அவர் கொட்டகைக்குப் போகவில்லை. அன்று மாலையே மனைவியிடம் சொல்லிவிட்டார். மறுநாள் அந்தத் தங்கை என் வீட்டுக்கு வந்து, சீட்டை என் முன் வைத்து, "எங்களுக்கும் சளி எடுக்கணுமாமே, எப்படிக் கொடுப்பது?" என்று கேட்டார். இரண்டு மாதம் கழித்து அவருடைய அடுத்த சீட்டில் பிளஸ் எதுவும் இல்லை. மருந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தங்கை கேட்ட கேள்வி பலருக்கும் உதவும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளி கொடுங்கள். வாயில் ஊறும் எச்சில் பயன்படாது. எச்சிலை எத்தனை முறை பார்த்தாலும் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. லேபில் தரும் மூடியுள்ள டப்பாவை வாங்கி வந்து, காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, வீட்டுக்கு வெளியே திறந்த இடத்தில் நின்று, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமித் துப்புங்கள். மூடியை இறுக மூடி, டப்பாவின் வெளிப்பக்கம் கறைபடாமல், வெயிலில் வைக்காமல் அன்றே கொண்டு போய்க் கொடுங்கள். முடிவில் ஏதாவது பிளஸ் போட்டிருந்தால் சட்டைப் பையில் மடித்து வைக்க வேண்டாம்.